வாசலைத் திறந்தால் அடுப்பு

அந்த ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சமையலறைக்குள்தான் கால் வைக்க வேண்டும். கதவைத் திறந்தால் எதிரே அடுப்பு. வங்கி மேலாளர் வீடானாலும் சரி, பல் வைத்தியர் வீடானாலும் சரி, கூடத்துக்குப் போக வேண்டுமென்றால் கொதிக்கிற பாத்திரத்தைச் சுற்றிக்கொண்டு, ஈரத்துணியை விலக்கிக்கொண்டு, "பார்த்து, சுடும்" என்கிற எச்சரிக்கையையும் வாங்கிக்கொண்டுதான் போயாக வேண்டும். வெளியூர்க்காரர்கள் முதல் தடவை திருதிருவென்று விழிப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கோ இதைவிட இயல்பான விஷயம் உலகத்தில் கிடையாது. சமையலறையைப் பின்பக்கம் வைக்கிற மற்ற ஊர்களைப் பற்றித்தான் அவர்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. அப்படி என்னத்தைச் சமைக்கிறார்கள், ஒளித்துவைத்துச் சமைப்பதற்கு?

இந்தப் பழக்கம் ஊரின் ஸ்தாபகரிடமிருந்து வந்தது. நூற்று நாற்பது வருடங்களுக்கு முன்னால், ஆளரவமே இல்லாத அந்த ஆற்றங்கரைக்கு ஒரு தையல்காரர் வந்து சேர்ந்தார். எதற்காக வந்தார் என்பதில் நான்கு கதைகள் உண்டு. கடனுக்குப் பயந்து வந்தார் என்பது அதில் ஒன்று, அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதில்லை. வரும்போது மூன்று வண்டிகளில் ஒரு முழு மரவீட்டைத் துண்டுதுண்டாகப் பிரித்து ஏற்றிக்கொண்டு வந்தார். ஒற்றை ஆளாக நின்று அதைச் சேர்த்து நிறுத்தினார். அதுதான் முதல் வீடு. கதவைத் திறந்ததும் சிறிய சமையலறை, அதற்குப் பின்னால் பெரிய கூடம். அடுத்து வந்தவர் அதைப் பார்த்துக் கட்டினார், அதற்கடுத்து வந்தவர் இவருடையதைப் பார்த்துக் கட்டினார். ஏன் இப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. ஸ்தாபகர் செய்தால் அதில் ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த வீடு இன்னமும் பெரிய தெருவின் தலைப்பில் கறுத்துப்போய் நிற்கிறது. இப்போது அது காட்சிசாலை. அங்கே பதினெட்டு வருடங்களாக வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுகிறவளை ஊரே 'மருமகள்' என்று கூப்பிடும். யாருக்கும் அவள் மருமகள் ஆகவில்லை. கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆனால் ஸ்தாபகரைப் பற்றிப் பேசும்போது, "பெரியவருக்கு இது பிடிக்காது", "பெரியவர் இதை அப்படி வைக்க விடமாட்டார்" என்று மாமனாரைப் பற்றிச் சொல்வதுபோலவே சொல்வாள். யாரோ ஒருநாள் விளையாட்டாகக் கூப்பிட, பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் உள்ளூரச் சந்தோஷம்தான்.

வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஆட்கள் வராத நாட்களில் சுவரோடு பேசுவாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு மழை நாளில், தலையைத் துவட்டிக்கொண்டே ஒரு வெளியூர்க்காரர், "ஏம்மா, சமையலறை ஏன் வாசல்லயே இருக்கு?" என்று கேட்டார். மருமகளுக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் கிடையாது. "விருந்தாளி முதல்ல அடுப்பைத்தான் பார்க்கணும், அப்பதான் பசிக்கு இங்க இடம் உண்டுன்னு தெரியும்னு பெரியவர் அப்படிக் கட்டினார்," என்று சொல்லிவைத்தாள். கேட்டவர் கண் கலங்கிவிட்டது. மறுநாளும் அதையே சொன்னாள். ஆறு மாதத்தில் அது பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. பத்து வருடத்தில் பேருந்து நிலைய வளைவில், 'அடுப்படியில் வரவேற்கும் ஊர்' என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டார்கள். அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் மருமகள் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

இந்த வருடத் தொடக்கத்தில் வீட்டின் அடிமரங்கள் உளுத்துவிட்டன. பிரித்து, கெட்ட மரங்களை மாற்றி, மறுபடி சேர்க்க வேண்டும் என்று நகராட்சி முடிவு செய்தது. முடிவோடு முடிவாக இன்னொன்றும் வந்தது. திறப்பு முடிந்ததும் பேசும் கருவி வைக்கப்போகிறார்கள். காதில் மாட்டிக்கொண்டால் தேன் குழைத்த குரலில் அதுவே எல்லாம் சொல்லும். சம்பளமும் வேண்டாம், விடுப்பும் வேண்டாம், எதிர்த்தும் பேசாது.

நகராட்சித் தலைவி நல்ல மனுஷி. மருமகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார். "திறப்பு அன்னைக்கு முதல்ல நீங்க சொல்லுங்க. அப்புறம் கருவி சொல்லட்டும். ரெண்டையும் கேட்டுட்டு அன்னைக்குச் சாயங்காலமே கூட்டத்துல முடிவு பண்ணிடுவோம். என்னால முடிஞ்சது இவ்வளவுதாம்மா."

மருமகள் சரி என்று எழுந்து வந்துவிட்டாள். நாற்பத்தைந்து வயதில் வேறு வேலை தேடுவது ஒன்றும் முடியாத காரியமில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் நின்று நாலு பேரிடம் பேசாத ஒரு நாளை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்த வீடு இல்லையென்றால் தான் யார் என்று அவளுக்கே தெரியாது.

மரவேலை அவளுடைய அத்தானுக்குக் கிடைத்தது. அக்காவின் கணவர், அந்த ஊரிலேயே பெரிய தச்சர். நாலு மாதமாக மருமகளை வேலி தாண்டி உள்ளே விடவில்லை. தலைக்கவசம் போட்டவர்கள் மட்டும்தான் வரலாம் என்றார்கள். அவளை நூலகத்தில் புத்தகம் தூசி தட்ட அனுப்பிவிட்டார்கள். தினமும் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். தெருப்பக்கம் வாசல் சுவர் எழுந்தது, கதவு வந்தது, கூரை ஏறியது. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் அம்சமாகத்தான் இருந்தது. புகைக்குழாய் மட்டும் கொஞ்சம் தள்ளித் தெரிவதுபோல் இருந்தது. நாம் நிற்கிற இடம் அப்படி என்று நினைத்துக்கொண்டாள்.

திறப்புக்கு முந்தைய நாள் மதியம் அத்தான் அவளை உள்ளே கூப்பிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு களை. "கதவைத் திற பார்ப்போம். ஒத்தை விரலால திற."

பதினெட்டு வருடமாக முழங்காலால் இடித்துத் திறந்த கதவு அது. அவள் ஒரு விரலை வைத்தாள். சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது. "ஐயோ அத்தான்!" என்று சிரித்துக்கொண்டே உள்ளே காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எதிரே கூடம் இருந்தது. அகலமாக, வெளிச்சமாக, வெறுமையாக. அடுப்பைக் காணவில்லை.

"அத்தான், அடுப்பு எங்க?"

"பின்னாடி. படுக்கையறையில."

"எந்தப் படுக்கையறை?"

"அதான், அந்தச் சின்ன அறை. குளிருக்கு அடுப்பு போட்டுப் படுத்திருப்பார் போலிருக்கு. கூரையில குழாய்க்கு ஓட்டை அங்கதானே இருக்கு?"

"அது சமையலறை!" மருமகளின் குரல் எங்கோ உச்சிக்குப் போய்விட்டது. "அது வாசல்ல இருக்கணும்! ஊர்ல உங்க வீடு உட்பட எல்லா வீட்லயும் வாசல்லதான் இருக்கு! நீங்க இந்த வீட்டுக்குள்ள எப்பவாவது வந்திருக்கீங்களா?"

"வந்திருக்கேனே. காட்சிசாலை திறந்த அன்னைக்கு..."

"உள்ள வந்தீங்களா?"

அத்தான் தலையைச் சொறிந்தார். அன்றைக்கு மழையாம், வாசலில் கூட்டமாம், எதிரே தேநீர்க் கடை இருந்ததாம். அதற்குப் பிறகு இந்தப் பதினெட்டு வருடத்தில், மச்சினி வேலை செய்கிற வீடுதானே, எங்கே போய்விடும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாராம். கோபுரம் உள்ள ஊரில் கோபுரத்தில் ஏறாதவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். இது அத்தானுக்கு மட்டும் உள்ள குணமில்லை. பிரித்தது வேறு ஆட்கள். பிரித்துக் கொட்டகையில் அடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இவர் கைக்கு வந்தது மரக்குவியல்தான்.

"படம் இருந்துச்சே!"

"எல்லாம் தெருவுல நின்னு எடுத்த படம். அதுல வாசல் சுவர் எப்படி இருக்கோ அப்படித்தானே இருக்கு? மத்ததுக்கு நான் எதுக்குப் படம் பார்க்கணும்? குறி இருக்கு." அவர் மூலையைக் காட்டினார். ஒவ்வொரு மரத்தின் முனையிலும் உளியால் கீறிய கோடுகள் இருந்தன. ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு, குறுக்குக் கோடு. வீட்டைச் செய்த தச்சர் எதோடு எது சேர வேண்டும் என்று போட்டுவைத்த அடையாளம். "ஒத்தைக் கோடு ஒத்தைக் கோட்டோட. வாசல் சுவர்ல இருக்கிற குறி பெரிய அறைச் சுவர்ல இருக்கு. அதோடதான் சேரும். முப்பது வருஷமா தொழில் பண்றேன், குறியை மீறி ஒரு மரத்தை வச்சதில்லை."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். வெளியே போய் ஒரு சாக்கை இழுத்து வந்து தரையில் கொட்டினார். மரச்சில்லுகள், ஆப்புகள், சுருட்டிய கந்தல், பாதி செருப்பு ஒன்று.

"இதெல்லாம் பிரிச்சப்ப மூலைச் சந்துகள்ல இருந்து எடுத்தது. நாப்பத்தொரு ஆப்பு. குப்பைன்னு நினைச்சேன்." அவர் மூலையில் கையை வைத்துத் தடவினார். "இப்ப ஒரு ஆப்பு கிடையாது. ஒரு முடி நுழையாது. கதவு ஒத்தை விரலுக்குத் திறக்குது. நான் தப்பா மாட்டலைம்மா."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பெரியவர்," என்றாள் மருமகள் மெதுவாக.

"பெரியவர்தான்," என்றார் அத்தான். "வாசல் சுவரைக் கொண்டுபோய்ச் சின்ன அறையோட ஒட்டியிருக்கார். சேரலை. சேரலைன்னதும் ஆப்படிச்சிருக்கார், செருப்பைத் திணிச்சிருக்கார்."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் பஞ்சாயத்து கூடியது. அக்கா தையற்கடை வைத்திருக்கிறவள். வாசலில் அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் தையல் இயந்திரம், அதற்கு நடுவே அவள். விஷயத்தைக் கேட்டதும் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"ஏன்க்கா சிரிக்கிற? என் பிழைப்பே போகப்போகுது."

"இல்லடி, அவர் தையல்காரர்! முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாத்தித் தைச்சிருக்கார்டி! நான் கத்துக்கிட்டப்ப எத்தனை சட்டை அப்படிப் போயிருக்கு தெரியுமா? கழுத்து முதுகுல வந்து நிக்கும். பிரிக்கவும் முடியாது, துணி வெட்டியாச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப எந்தத் தையல்காரரும் தப்புன்னு ஒத்துக்க மாட்டாங்க. இதுதான் இப்ப நாகரிகம்னு சொல்லிப் போட்டுவிட்டுடுவாங்க. இவர் ஊர் முழுக்கப் போட்டுவிட்டிருக்கார்!"

அத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி பிரித்துச் சேர்க்க மூன்று வாரம் ஆகும். இருப்பது ஓர் இரவு. நாளைக்கு ஊர் அவரைத்தான் கேட்கும். "ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் மச்சினியிடம். "தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்லிடு. அந்தக் கருவி பேசட்டும். திட்டு அதுக்கு விழட்டும்."

"திட்டு வாங்கினாலும் அது அழாதுடி," என்றாள் அக்கா.

மருமகள் உண்மையாகவே யோசித்தாள். பொய் சொல்லி ஆரம்பித்த விஷயம், இன்னொரு பொய்யில் நழுவிவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கருவி முதலில் பேசிவிட்டால் அவள் பேச்சுக்கு அப்புறம் இடமே இல்லை. ஒரு பக்கம் அத்தான் மானம், ஒரு பக்கம் வளைவில் எழுதிய அந்த வரி, நடுவில் தன் வேலை. கதைகளில் வருகிறவர்கள் இந்த மாதிரி நேரத்தில் விடிய விடிய விழித்திருப்பார்கள். அவள் வீட்டுக்குப் போய்ப் படுத்த உடனே தூங்கிவிட்டாள். அவ்வளவு களைப்பு.

காலையில் ஊரே திரண்டு வந்துவிட்டது. தலைவி நாடாவை வெட்டினார், கதவைத் தள்ளினார். முழங்காலை ஓங்கித்தான் தள்ளினார், ஊரில் எல்லோருக்கும் பழக்கம் அது. கதவு ஒற்றை விரலுக்குத் திறக்கிற கதவு. தலைவி அதே வேகத்தில் கூடத்தின் நடுவுக்கு ஓடிப்போய் நின்றார். பின்னாலேயே நாற்பது பேர் போல நுழைந்தார்கள். நுழையும்போதே எல்லோரும் பழக்கத்தில் வலது பக்கமாக ஒதுங்கி, இல்லாத அடுப்பைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒதுங்கி முடித்த பிறகுதான் அடுப்பு இல்லை என்பது உறைத்தது.

அந்த நேரம் பார்த்து, கருவியைப் பரிசோதிக்க வந்த நகராட்சி எழுத்தர் பதற்றத்தில் எதையோ அழுத்திவிட்டார். சுவர் ஒலிபெருக்கியில் தேன் குரல் வழிந்தது. "இப்போது நீங்கள் அடுப்பின் அருகில் நிற்கிறீர்கள். அதன் வெம்மை உங்கள் முகத்தில் படுகிறதல்லவா?"

"படலையே!" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"அடுப்பு எங்க?" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். "யார் வீட்டை மாத்தினது?" தலைவி தச்சரைப் பார்த்தார். தச்சர் உத்தரத்தைப் பார்த்தார். அவருடைய காது சிவந்துபோயிருந்தது. அந்தக் காதைப் பார்த்ததும் மருமகளுக்கு எல்லாக் கணக்கும் மறந்துவிட்டது.

"அத்தான் மேல தப்பு இல்லை," என்றாள். குரல் கடைசி வரிசைவரை கேட்டது. அந்தக் கூடத்தின் எந்த மூலைக்கு எவ்வளவு குரல் வேண்டும் என்பது அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். "முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். விருந்தாளி முதல்ல அடுப்பைப் பார்க்கணும்னு பெரியவர் சொன்னதா நான் சொல்வேனே, அது அவர் சொன்னதில்லை. ஒரு மழை நாள்ல ஒருத்தர் கேட்டார், எனக்குத் தெரியலை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதை நீங்க வளைவுல எழுதிட்டீங்க. அன்னைலேர்ந்து அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் நான் தலையைக் குனிஞ்சுக்கறேன்."

தலைவியின் முகம் மாறியது. அந்த வளைவைத் திறந்துவைத்ததே அவர்தான்.

நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று மருமகளுக்குத் தெரிந்தது. அதனால் நிறுத்தவில்லை. எல்லோரையும் மூலைக்குக் கூப்பிட்டுக் குறிகளைக் காட்டினாள். சாக்கைக் கொண்டுவரச் சொன்னாள். நாற்பத்தொரு ஆப்பையும் கையில் கையில் கொடுத்தாள். பாதிச் செருப்பைத் தூக்கிக் காட்டினாள். "பார்த்துக்குங்க. நம்ம ஸ்தாபகரோட செருப்பு. சந்து அடைக்கத் திணிச்சது. தொலைநோக்கு, தொலைநோக்குன்னு இத்தனை வருஷம் சொன்னேன். அவருக்கு முன்னாடி எது, பின்னாடி எதுன்னே தெரியலை. நல்ல தையல்காரர், முதுகுப்பக்கம் கழுத்தை வச்சுத் தைச்சுட்டார். நாமளும் நூத்தி நாப்பது வருஷமா போட்டுக்கிட்டுத் திரியறோம்!"

முதலில் சிரித்தது வங்கி மேலாளர். யாரும் எதிர்பார்க்கவில்லை. பொதுவாக அவர் சிரிக்கிற ஆளே இல்லை. "என் கோட்டு மூணு தடவை பொசுங்கியிருக்கு!" என்றார். "வாசல்லயே! மூணு தடவை!" ரொட்டிக்கடைக்காரர் தன் மாமியார் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது குழம்புச் சட்டிக்குள் கைப்பை விழுந்ததைச் சொன்னார். பல் வைத்தியர் வலியில் துடித்துக்கொண்டு வருகிற நோயாளிகள் எல்லாம் முதலில் தன் மனைவியிடம் குழம்புக்கு உப்பு போதுமா என்று ருசி பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள் என்றார். ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மரவீடு சிரிப்பில் அதிர்ந்தது. அதிர்ந்தும் ஒரு மூலையும் கிரீச்சிடவில்லை. அந்த அளவுக்குச் சரியாகச் சேர்ந்திருந்தது.

"சரி, அப்ப ஏன் அவர் பிரிச்சு மறுபடி சரியா வைக்கலை?" என்று தலைவி கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டார், ஆனால் நியாயமான கேள்வி.

மருமகளுக்குப் பதில் தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பழகியவள், இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவளுக்கு நேர் எதிரே, சுவரில், சட்டம் போட்ட கடிதம் ஒன்று மாட்டியிருந்தது. ஸ்தாபகர் தன் தம்பிக்கு எழுதிய கடிதம், அவர் கையெழுத்தில் மிஞ்சிய ஒரே கடிதம். அவள் அதை ஆயிரம் தடவையாவது படித்துக் காட்டியிருப்பாள். இப்போது யாரிடமும் சொல்லாமல் தானாகவே படிக்க ஆரம்பித்தாள்.

"'வீட்டை இன்னும் ஒருமுறை பிரிக்க வேண்டியுள்ளது. நேரம் கிடைக்கவில்லை. கதவைத் திறந்தாலே சாலையில் போகிறவர்கள் நெருப்பைப் பார்த்துவிடுகிறார்கள். குளிராக இருக்கிறது என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுந்து போகச் சொல்ல மனம் வரவில்லை. நேற்று வந்த குடும்பம் பக்கத்திலேயே மரம் வெட்ட ஆரம்பித்திருக்கிறது.'"

வீட்டை ஏதோ பழுதுபார்க்க நினைத்திருக்கிறார் என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லிவந்தாள். தினம் துடைத்த கண்ணாடி. ஒருநாளாவது புரிந்து படித்திருக்கிறாளா?

"பிரிக்கத்தான் நினைச்சிருக்கார்," என்றாள். "ஆள் வந்துட்டே இருந்ததால முடியலை. அடுப்பு உள்ள, அந்தச் சின்ன அறையில ஒழுங்கா இருந்திருந்தா, சாலையில போறவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? இருட்டுக் கூடம் தெரிஞ்சிருக்கும். அவங்க பாட்டுக்குப் போயிருப்பாங்க. உங்க தாத்தா போயிருப்பார்." ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்தாள், பிறகு பல் வைத்தியர் பக்கம் திரும்பினாள். "உங்க கொள்ளுத்தாத்தா போயிருப்பார். எங்க ஆளுங்களும் போயிருப்பாங்க. அவர் ஊரை எல்லாம் ஸ்தாபிக்கலைங்க. சுவரை மாத்தி வச்சார். ஊர் தானா உள்ள வந்துடுச்சு."

வங்கி மேலாளர் கையில் இருந்த ஆப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மருமகளுக்கு அழுகை வந்தேவிட்டது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது. பதினெட்டு வருடம் பொய் என்று பயந்துகொண்டிருந்த சொல் ஒருவிதத்தில் நிஜமாகிப்போனது, அதுவும் பெரியவருக்கே தெரியாமல்.

"இப்ப என்ன பண்றது?" என்றார் அத்தான். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "இது சரியா இருக்கு. அது தப்பா இருந்துச்சு. எதை வைக்கட்டும்?"

"தப்பா வைங்க!" என்றார் பல் வைத்தியர்.

"தப்பாவே வைங்க!" கூட்டம் முழுக்க ஒரே குரல். தெருவில் நின்று ஒன்றும் கேட்காதவர்கள்கூட எதற்கென்று தெரியாமல் "தப்பாவே!" என்று சேர்ந்து கத்தினார்கள்.

அத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறியை மீற ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை போட்டார். அவ்வளவு மோசமாக ஆப்படிக்கத் தனக்குக் கை வராது, ஆகையால் ஊர்க்காரர்கள்தான் வந்து அடிக்க வேண்டும். இப்போது ஆளுக்கு ஓர் ஆப்பு கையில் இருந்தபடியால் யாராலும் மறுக்க முடியவில்லை.

சாயங்காலக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று மருமகளுக்கு யாரும் சொல்லவில்லை. கூட்டம் நீண்டுகொண்டே போனதாகக் கேள்வி. மறுநாளும் செய்தி இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அக்கா வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொடுத்தாள். எட்டுப் பித்தானை உள்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். "ஸ்தாபகர் பரம்பரை," என்றாள் அக்கா.

ஒரு வாரம் கழித்து, காலையில் தொலைபேசி அடித்தது. தலைவி. "பதினோரு மணிக்கு வெளியூர்ல இருந்து ஒரு பேருந்து நிறைய ஆளுங்க வராங்களாம். அங்க வீட்டைப் பிரிச்சுப் போட்டிருக்கு, நான் என்னத்தைக் காட்டுவேன்? அந்தக் கருவி என்னடான்னா இன்னும் அடுப்பு சுடுதான்னு கேட்டுட்டு இருந்துச்சு. அதைத் திருப்பி அனுப்பிட்டேன். வாங்கம்மா சீக்கிரம்."

மருமகள் தலைகூடச் சரியாக வாராமல் ஓடினாள். அவள் போனபோது வீடு என்று சொல்ல அங்கே தரையும், மேலே கட்டிய தார்ப்பாயும், தெருவைப் பார்த்து இழுத்து வைத்த இரும்பு அடுப்பும்தான் இருந்தன. சுவர்கள் எல்லாம் புல்லில் படுத்துக் கிடந்தன. ஊசிக் குளிர். தூறல் வேறு. பேருந்து வந்து நிற்பதற்குள் நாலு மரச்சிறாயைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள்.

இறங்கியவர்கள் குடையை விரித்தபடி தெருவிலேயே தயங்கி நின்றார்கள். காட்சிசாலை என்று சொல்லிக் கூட்டிவந்த இடத்தில் ஒன்றையும் காணோம். பிறகு ஒருவர் நெருப்பைப் பார்த்தார். இரண்டு பேர் பார்த்தார்கள். ஒவ்வொருவராகத் தரைப்பலகையில் ஏறி வந்து அடுப்பைச் சுற்றி நின்றுகொண்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. மருமகள் பலகைகளை நகர்த்தி உட்கார இடம் பண்ணினாள்.

கைகளை நெருப்பில் காட்டிக்கொண்டே வயதான ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏம்மா, அந்த வீடு எங்க?"

புல்வெளியில் அத்தான் அதட்டிக்கொண்டிருந்தார். வங்கி மேலாளரும் பல் வைத்தியரும் ரொட்டிக்கடைக்காரரும் இன்னும் பத்துப் பேரும் வாசல் சுவரைத் தோளில் தூக்கிக்கொண்டு, தப்பான பக்கமாகத் தள்ளாடி வந்துகொண்டிருந்தார்கள்.

"வந்துட்டே இருக்குங்க," என்றாள் மருமகள். "நீங்க உட்காருங்க."